பாக்கி வசூல்: எந்தப் பார்ட்டிக்கு எந்த வழி?

நாலு லேத்தும் ஒரு சிஎன்சியும் வைத்து, கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் போட்டுக் கொடுக்கும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். பில் மதிப்பு 2,00,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி 36,000. மொத்தம் 2,36,000. பேச்சு 30 நாள் கடன். பணம் வருவதோ 120ஆம் நாள்.

நடுவில் போன 90 நாளுக்கு ஒரு விலை உண்டு. வங்கி சிசி (கேஷ் கிரெடிட் கடன்) வட்டி 11% என்றால் சுமார் 6,400 ரூபாய். வெளியில் ரெண்டு வட்டிக்கு (மாதம் 2%) வாங்கி ஓட்டியிருந்தால் 14,160. அந்த பில்லில் 8% லாபம் வைத்திருந்தால் கிடைக்க வேண்டியது 16,000 மட்டுமே. சிசியில் ஓட்டியவருக்கு லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. ரெண்டு வட்டிக்காரருக்கு டீச்செலவுதான் மிச்சம். இது போதாதென்று, மாதாமாதம் 3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அந்த 36,000-க்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். பார்ட்டி, அதாவது சரக்கு வாங்கியவர், பணம் தந்தாரா என்று ஜிஎஸ்டி கேட்காது.

இந்தக் கணக்கைப் போடாமல் வசூலுக்கு வழி தேடுபவர்கள்தான் அதிகம். ஒருவர் 5,000 ரூபாய் வட்டியைக் காப்பாற்ற வருடம் 20 லட்சம் வியாபாரம் தரும் பார்ட்டியை வக்கீல் நோட்டீஸ் விட்டு இழக்கிறார். இன்னொருவர் ஓடிப்போகப் போகிற பார்ட்டியிடம் எட்டு மாதம் மரியாதையாக போன் பேசிக்கொண்டிருக்கிறார். இருவருமே பார்ட்டி எந்த ரகம் என்று பார்க்கவில்லை.

முதலில் ரகம் பிரியுங்கள்

தாமதம் நாலு காரணத்தால் வருகிறது. பில் எங்கோ சிக்கிக் கிடக்கலாம். பணம் இருந்தும் உங்களுக்குத் தர வேண்டிய காசைத் தன் வியாபாரத்தில் சுழற்றி ரொட்டேஷன் ஓட்டலாம். நிஜமாகவே கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். அல்லது தருவதாகவே எண்ணம் இல்லை.

முதல் ரகம்தான் நாம் நினைப்பதைவிட அதிகம். பிஓவில் (பர்ச்சேஸ் ஆர்டர்) 500 எண்ணம், டிசியில் (டெலிவரி சலான்) 498, பில்லில் 500 என்றிருந்தால் பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் அந்த பில் சத்தமில்லாமல் ஓரம் கட்டப்படும். ஸ்டோர்ஸில் ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போடவில்லை என்றாலும் அதே கதி. முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுப் பயனில்லை. ஸ்டோர்ஸ் ஆளிடம் ஜிஆர்என் நம்பர் வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிக்க ஒரு எளிய வழி: ஜிஎஸ்டி தளத்தில் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் அவர் எந்த மாதம் வரை ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். மூன்று மாதமாக 3பி நிற்கிறது என்றால் அவர் சர்க்காருக்கே கட்டவில்லை. உங்களுக்கு எங்கே கட்டப்போகிறார்? ஒழுங்காகத் தாக்கல் செய்துகொண்டு, புது மெஷினும் இறக்கிக்கொண்டு, உங்களிடம் மட்டும் "அடுத்த வாரம்" என்றால் அது ரொட்டேஷன்.

நினைவூட்டலா, தள்ளுபடியா?

செலவே இல்லாத வழி நினைவூட்டல். ஆனால் "சார், அந்தப் பேமெண்ட்..." என்று இழுக்கும் போன் நினைவூட்டல் ஆகாது. கடன் நாள் முடிய ஐந்து நாள் இருக்கும்போதே முதல் செய்தி போக வேண்டும். முடிந்த மறுநாள் இரண்டாவது. இப்படி:

"வணக்கம் சார். பில் 214, ஜூன் 3, தொகை 2,36,000. கடன் நாள் ஜூலை 3-இல் முடிந்தது. பில், டிசி, உங்கள் ஜிஆர்என் மூன்றையும் இணைத்திருக்கிறேன். எந்தத் தேதி பேமெண்ட் லிஸ்டில் சேர்த்திருக்கிறீர்கள்?"

'எப்போது தருவீர்கள்' என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்று தப்பிக்கலாம். எந்தத் தேதி லிஸ்ட் என்று கேட்டால் தேதி சொல்லியாக வேண்டும், அல்லது பில்லில் என்ன சிக்கல் என்பது வெளியே வரும். சொன்ன தேதியை நீங்களே திருப்பி எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் வழக்கு என்று போனால் இந்த வாட்ஸப் வரிகளுக்கும் மதிப்பு உண்டு. பில் சிக்கிய ரகத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ரொட்டேஷன் பார்ட்டிக்குத் தள்ளுபடி வேலை செய்யும். 10 நாளில் கொடுத்தால் 2% கழிவு என்று வைத்துப் பார்க்கலாம். இங்கேதான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். 45ஆம் நாள் தவறாமல் கொடுக்கும் பார்ட்டிக்கு இந்த 2% கொடுத்தால், 35 நாள் முன்னதாகப் பணம் வாங்க வருடத்துக்கு 21% வட்டி கட்டியதற்குச் சமம். சிசியே மேல். 120ஆம் நாள் கொடுப்பவருக்கு அதே 2% கொடுத்தால் வட்டி 7%-க்குள் அடங்கும்; லாபம். ஆகவே கழிவை முடிவு செய்ய வேண்டியது பிஓவில் எழுதிய கடன் நாளை வைத்து அல்ல, லெட்ஜரில் கடந்த ஆறு பில் நிஜமாக எத்தனை நாளில் வசூலானது என்பதை வைத்து.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு: கழிவையும் எடுத்துக்கொண்டு 60ஆம் நாள் கொடுப்பார்கள். பில்லில் விலையைக் குறைத்துப் போட்டால் இதைத் தடுக்க முடியாது. முழுத் தொகைக்கு பில் போட்டு, பத்தாம் நாளுக்குள் பணம் கணக்கில் விழுந்த பிறகே கிரெடிட் நோட் (கழிவுத் தொகைக்கான சீட்டு) கொடுக்க வேண்டும். அடிப்படை விலையில் மட்டும், வரியைத் தொடாமல் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி குழப்பம் இல்லை.

ட்ரெட்ஸ்: நல்ல பார்ட்டிக்கு மட்டும் கிடைக்கும் வசதி

பார்ட்டி பெரிய கம்பெனி, பணம் நிச்சயம் வரும், ஆனால் 90 நாள் ஆகும் என்றால் யாரையும் விரட்டத் தேவையில்லை. பில்லைக் காட்டி வங்கியிடம் முன்னதாகவே பணம் வாங்க, ரிசர்வ் வங்கி அனுமதியோடு இயங்கும் ட்ரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன: ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை. பில்லை ஏற்றுகிறீர்கள், வாங்கியவர் ஆன்லைனில் ஒப்புக்கொள்கிறார், வங்கிகள் வட்டி விகிதம் கேட்டுப் போட்டி போடுகின்றன, நீங்கள் ஒன்றைத் தேர்ந்தால் ஓரிரு நாளில் பணம். கெடு நாளில் வங்கி பார்ட்டியிடம் வசூலித்துக்கொள்ளும். அவர் கொடுக்காவிட்டால் உங்களிடம் திரும்பி வராது. சாதாரண பில் டிஸ்கவுண்டிங்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இதுதான். அங்கே பார்ட்டி கவிழ்த்தால் வங்கி உங்கள் கணக்கில் கை வைக்கும்.

வட்டி பார்ட்டியின் தரத்தைப் பொறுத்தது, உங்கள் தரத்தைப் பொறுத்தது அல்ல. அதனால் உங்கள் சிசியைவிடக் குறைவாகவே கிடைக்க வாய்ப்பு. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவு வந்தது. அதற்கு முன் அந்த வரம்பு 500 கோடி. ஆனால் சேர்ந்திருப்பது வேறு, உங்கள் பில்லை ஒப்புக்கொள்வது வேறு. ஒப்புக்கொண்டால் கெடு நாளை இழுக்க முடியாது என்பதால் பர்ச்சேஸ் பிரிவு நழுவப் பார்க்கும். பிஓ பேசும்போதே "ட்ரெட்ஸில் ஒப்புதல்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. 15 கோடி விற்றுமுதல் உள்ள தனிநபர் நிறுவனப் பார்ட்டிக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது.

சரக்கை நிறுத்துவது

சின்ன யூனிட்டுக்குக் கையில் இருக்கும் நிஜமான பலம் இதுதான். உங்கள் ஷாஃப்ட் வராவிட்டால் அவருடைய அசெம்பிளி நிற்கும் என்றால் எந்த நோட்டீஸும் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மாற்று சப்ளையர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார் என்றால் இது வெறும் மிரட்டல். அவருக்கும் அது தெரியும்.

முழுவதும் நிறுத்துவதைவிட, புதிய ஆர்டருக்கு முழு முன்பணம், கூடவே பழைய பாக்கியில் 20% என்று பேசுவது நன்றாகப் போகும். ஐந்து ஆர்டரில் பாக்கி தீரும். பணம் எந்த பில்லுக்கு வந்தது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஒப்பந்தச் சட்டப்படி, கொடுப்பவர் "இது இந்த பில்லுக்கு" என்று சொன்னால் அப்படித்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் நீங்கள் விரும்பும் பாக்கிக்கு வைத்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்த பார்ட்டி எப்போதும் புது பில்லின் எண்ணைப் போட்டே பணம் அனுப்புவார். பழையது அப்படியே கிடந்து வயதாகும். மூன்று வருடம் தாண்டினால் வழக்குப் போடும் உரிமை போய்விடும். அதற்கு முன்னால் பார்ட்டி கையெழுத்திட்ட பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் (இவ்வளவு பாக்கி என்ற ஒப்புதல் கடிதம்) ஒன்று வாங்கினால் அன்றிலிருந்து மீண்டும் மூன்று வருடம். மார்ச் கணக்கு முடிக்கும்போது அவருடைய ஆடிட்டரே இதைக் கேட்பார், அப்போது வாங்குவது சுலபம்.

ஜாப் வொர்க் (பார்ட்டியின் பொருளில் கூலிக்கு வேலை) செய்பவர்கள் செய்யும் ஒரு தவறு: பார்ட்டியின் ராடு தன் யூனிட்டில் கிடக்கிறது, பழைய பாக்கி வரும்வரை தர மாட்டேன் என்று பூட்டி வைப்பது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு கொடுக்கும் உரிமை குறுகியது. எந்தச் சரக்கில் வேலை செய்தீர்களோ அந்தச் சரக்கை, அதற்கான கூலிக்காக மட்டும் பிடித்து வைக்கலாம். போன மாதக் கூலிக்காக இந்த மாத ராடைப் பிடித்தால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். முடிந்த சரக்கை அனுப்பிவிட்டால் அந்த உரிமையும் அத்தோடு போயிற்று. பழைய பாக்கிக்கும் பிடிக்க வேண்டுமானால் ஜாப் வொர்க் ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

45 நாள் சட்டம்: மென்மையாகவும் பிடிக்கலாம், இறுக்கியும் பிடிக்கலாம்

2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்குச் சொல்வது இது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள். 'வாய்ப்பேச்சில் 30 நாள்' என்பது சட்டத்தின் கண்ணில் 15 நாள். பிஓவில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் வட்டிக்கு வட்டி. வங்கி விகிதம் 6% என்று வைத்தால் வருடம் 18%; நம் 2,36,000-க்கு மூன்று மாதத்தில் சுமார் 10,780 ரூபாய்.

நாள் எண்ணத் தொடங்குவது எங்கே என்பதில்தான் சண்டை வரும். சரக்கு போய் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், சரக்கு இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். டிசியில் செக்யூரிட்டி குத்தும் "சரிபார்ப்புக்கு உட்பட்டது" சீலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேதியும் கையெழுத்தும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாத டிசிதான் பின்னால் கழுத்தை அறுக்கும். 60ஆம் நாள் "ரிஜெக்ஷன்" என்று போனில் சொல்லும் பார்ட்டிக்கும் இதே 15 நாள் கணக்குதான் பதில்.

இந்தச் சட்டத்தை உறவு கெடாமல் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல், வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவின்படி, இந்தக் கெடுவைத் தாண்டியும் மார்ச் 31-இல் தராமல் இருக்கும் தொகையை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இதே விதி உண்டு, பிரிவு எண்தான் வேறு. 2,00,000 பாக்கி என்றால் 25% வரி கட்டும் கம்பெனிக்கு அந்த வருடம் 50,000 கூடுதல் வரி. பிப்ரவரி கடைசியில் உதயம் (எம்எஸ்எம்இ பதிவு) சான்றிதழையும் பாக்கிப் பட்டியலையும் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பி, "ஆடிட் வேலைக்காக அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மிரட்டல் போலவே இருக்காது. பாக்கியைத் துரத்துவது அவருடைய ஆடிட்டர் வேலையாகிவிடும். பாக்கி பழையது என்றால் ஜிஎஸ்டியிலும் ஒரு பிடி: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் தான் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியோடு திருப்ப வேண்டும். 150ஆம் நாள் இதை நினைவூட்டுவது சரியான நேரம். கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைக்காத பார்ட்டியிடம் இரண்டுமே செல்லாக்காசு.

இறுக்கிப் பிடிப்பது என்றால் எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் ஆன்லைன் தளம் வழியாக வசதியாக்க கவுன்சிலில் (பாக்கித் தகராறைத் தீர்க்கும் அரசு அமைப்பு) மனு. முதலில் சமரசம், ஆகாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அந்தக் கெடு நிற்பதில்லை. ஆனாலும் இரண்டு சாதகம் வேறெங்கும் கிடையாது. பார்ட்டி புனேயில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் வழக்கு நம் ஊர்க் கவுன்சிலில் நடக்கும். தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75% முதலில் கட்ட வேண்டும். பிஓவில் "தகராறு மும்பை நடுவரிடம் மட்டும்" என்று எழுதியிருந்தாலும் கவுன்சிலுக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் ஒரு பாதகமும் உண்டு: சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பில்லுக்கு இந்தப் பலனைக் கேட்க முடியாது. உதயம் பதிவு இல்லாதவர்கள் இன்றே செய்துவிடுவது நல்லது, காசு செலவில்லை. நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் உதயம் பதிவு உண்டு, ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். ஹார்டுவேர் கடைக்காரர் இந்த வழியை நம்பி உட்கார வேண்டாம்.

மனு போட்ட பிறகு அந்தப் பார்ட்டியிடமிருந்து அடுத்த பிஓ வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த வருடம் அவர் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகே போட வேண்டியது இது.

செக்கா, கோர்ட்டா?

கையில் பணம் இல்லாத பார்ட்டி "செக் போட்டுக்கோங்க" என்று பின்தேதி செக் கொடுப்பார். தவணைத் தவணையாக நாலு செக் வாங்குவது, ஒரே பெரிய செக்கைவிட மேல். ஒன்றாவது பாஸாகும், நிலைமையும் தெரியும். ரிட்டர்ன் ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-இல் நாள் கணக்கு கறாரானது. செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். ரிட்டர்ன் மெமோ தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்த பிறகு அவருக்கு 15 நாள். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். "இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் சார்" என்ற பேச்சிலேயே பலருக்கு நோட்டீஸ் கெடு போய்விடுகிறது. செக் காலாவதி ஆகும் முன் மறுபடி போட்டால்தான் கெடுவும் புதிதாகத் தொடங்கும்.

இன்னொரு பொறி: ஒரு லட்சத்துக்குச் செக், நடுவில் 40,000 ஜிபேயில் வந்துவிட்டது, பிறகு முழு ஒரு லட்சத்துக்குச் செக்கைப் போடுகிறோம். இதில் 138 நிற்காது. பகுதிப் பணம் வந்தால் அதைச் செக்கிலேயே குறித்துவிட்டு மீதிக்குப் போட வேண்டும், அல்லது செக்கைத் திருப்பிக் கொடுத்து மீதித் தொகைக்கு வேறு வாங்க வேண்டும்.

குற்ற வழக்கு என்பதால் 138 பயத்தைத் தரும். பணத்தைத் தர வருடக் கணக்காகலாம். விசாரணை நடக்கும்போதே செக் தொகையில் 20% வரை இடைக்கால இழப்பீடு கேட்க 2018 திருத்தம் வழி செய்திருக்கிறது, மனுவில் மறக்காமல் கேளுங்கள்.

செக்கும் இல்லை, உதயமும் இல்லை என்றால் சிவில் வழக்கு. 3 லட்சத்துக்கு மேல் உள்ள வணிகத் தகராறு என்றால் வணிக நீதிமன்றம். அவசரத் தடை கேட்கவில்லை என்றால் வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். மூன்று மாதத்தில் முடிய வேண்டிய இந்தச் சமரசத்தில் எட்டும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு. பலர் இதை வெறும் சடங்காக நினைக்கிறார்கள். பணம் இருந்தும் இழுக்கும் பார்ட்டி வழிக்கு வருவது இங்கேதான். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3%, வக்கீல் செலவு தனி. 50,000 பாக்கிக்கு இந்தப் பக்கம் போவது சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். திவால் சட்டத்தில் மனு போடுவதாக மிரட்டுபவர்களும் உண்டு. அதற்கு 2020 மார்ச் முதல் குறைந்தபட்சம் ஒரு கோடி பாக்கி வேண்டும்.

எழுதிக் கழிப்பது

இதையும் ஒரு வழியாகவே பார்க்க வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் நின்று, ஷெட் பூட்டிக் கிடந்து, வங்கியும் ஏற்கெனவே சொத்தைப் பிடித்திருந்தால், ஈடு இல்லாத சப்ளையருக்குக் கடைசியில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அப்படிப்பட்ட பார்ட்டி மூன்று தவணையில் 60% தருகிறேன் என்றால், முதல் தவணையை அன்றே கையில் வாங்கிக்கொண்டு எழுதி முடிப்பது வழக்கைவிட நல்ல பேரம். "மீதி தள்ளுபடி" என்பதை மூன்றாவது தவணை வந்த பிறகே நடைமுறைக்கு வரும்படி எழுதுங்கள், இல்லாவிட்டால் முதல் தவணையோடு நிற்பார். கிடைக்காத மீதியைக் கணக்கில் வராக்கடன் என்று எழுதிக் கழித்தால் வருமான வரியில் செலவாக ஏற்பார்கள். அந்த பில்லுக்குக் கட்டிய ஜிஎஸ்டி 36,000 மட்டும் திரும்பாது. பணம் வரவில்லை என்பதற்காக வரியைக் குறைக்கும் வழி ஜிஎஸ்டியில் இல்லை.